41 டிகிரியில் தெரிந்துவிடும்

எங்கள் ஆய்வகத்தின் உறைபெட்டியில், மைனஸ் 20 டிகிரி குளிரில், சிறு கண்ணாடிக் குப்பிகளில் ஒரு வெண்பொடி இருக்கிறது. அதன் முழுப்பெயர் டைபால்மிடாயில்பாஸ்ஃபாடிடைல்கோலின். பேச்சில் நாங்கள் அதை டிபிபிசி என்றுதான் சொல்கிறோம். செல்சவ்வுகளைப் பற்றிய ஆய்வில் நான் கழித்த ஆண்டுகளில் இந்தப் பொடியைத் தொடாத வாரங்கள் மிகக் குறைவு. புதிதாக வருகிறவர்களுக்கு எந்த லிப்பிட்டை, அதாவது சவ்வை ஆக்கும் கொழுப்புவகைப் பொருளை, கொடுத்துப் பயிற்சியைத் தொடங்குவது என்ற பேச்சு எழும்போதெல்லாம் நான் தயங்காமல் இதையே சொல்லி வருகிறேன். இதைப் பற்றி மனிதர்களுக்கு ஏற்கெனவே மிக நன்றாகத் தெரியும் என்பதே அதற்குக் காரணம். விடை தெரிந்த கணக்கைப் போட்டுப் பார்க்கும்போதுதான் நம் வழிமுறையில் பிழை இருக்கிறதா என்று தெரியவரும். பொன்னின் மாற்றைக் காட்ட உரைகல் இருப்பதுபோல, சவ்வு ஆய்வில் இறங்குகிறவரின் கைவேலையை உரைத்துப் பார்க்க டிபிபிசி இருக்கிறது.

அதன் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று கார்பன்கள் கொண்ட கிளிசரால் என்னும் சிறு முதுகெலும்பில், இரண்டு கார்பன்களில் பால்மிடிக் அமிலத்தின் வால்கள் இணைந்திருக்கின்றன. ஒவ்வொரு வாலிலும் 16 கார்பன்கள் உண்டு, இரட்டைப் பிணைப்பு ஒன்றுகூட இல்லை. மூன்றாவது கார்பனில் பாஸ்பேட்டும் அதைத் தொடர்ந்து கோலினும் சேர்ந்து தலைப்பகுதியாக அமைகின்றன. பாஸ்பேட்டுக்கு எதிர்மின்சுமையும் கோலினுக்கு நேர்மின்சுமையும் இருப்பதால், தலைப்பகுதி நீரை விரும்பினாலும் மூலக்கூறு முழுவதற்கும் நிகரமாக மின்சுமை எதுவும் இல்லை. ஒரு மோலின் எடை 734 கிராம். வால்கள் நீரை வெறுப்பதால் இந்த மூலக்கூறு நீரில் தனித்து நிற்பதே அரிது: தனித்தனியாகக் கரைந்து நிற்கக்கூடிய அளவு லிட்டருக்கு ஒரு நானோமோலில் பாதிக்கும் சற்றுக் குறைவு என்று ஸ்மித்தும் டான்ஃபோர்டும் 1972இல் அளந்து சொன்னார்கள். அதாவது ஏறத்தாழ 12 ஆயிரம் கோடி நீர் மூலக்கூறுகளுக்கு நடுவில் ஒரே ஒரு டிபிபிசி. அதற்கு மேற்பட்டவை எல்லாம் வால்களை உள்ளே மறைத்து, தலைகளை வெளியே காட்டி, இரட்டை அடுக்காகச் சேர்ந்துகொள்கின்றன. யாரும் கட்டித் தராமல் ஒரு சவ்வு தானாகவே உருவாகிவிடுகிறது என்பதை முதன்முறை மின்னணு நுண்ணோக்கியில் கண்டபோது எனக்கு உண்டான வியப்பு இன்னும் குறையவில்லை.

இரட்டைப் பிணைப்பு இல்லாத நேரான வால்கள் ஒன்றோடொன்று நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும் இயல்புடையவை. குளிர்ந்த நிலையில் டிபிபிசி சவ்வில் வால்கள் எல்லாம் விறைத்து நீண்டு, சுமார் 30 டிகிரி சாய்ந்து, வரிசை குலையாமல் நிற்கின்றன. இதை ஜெல் நிலை என்கிறோம். சூடாக்கிக்கொண்டே போனால் 35 டிகிரி செல்சியஸை ஒட்டி சவ்வின் பரப்பு தகரக் கூரையைப்போல் அலை அலையாக மடிகிறது, இது முன்மாற்றம். பிறகு, 41 டிகிரியைச் சற்றே தாண்டும்போது வால்கள் திடீரென்று முறுக்கிக்கொண்டு நெகிழ்ந்து, சவ்வு முழுவதும் பாய்ம நிலைக்கு மாறிவிடுகிறது. இந்த முதன்மை நிலைமாற்றத்துக்கு ஒரு மோலுக்கு ஏறத்தாழ 36 கிலோஜூல் வெப்பம் தேவைப்படுகிறது. பனிக்கட்டி உருகுவதற்கு ஒரு மோலுக்கு 6 கிலோஜூல்தான் என்றாலும், கிராம் கணக்கில் பார்த்தால் டிபிபிசி பனிக்கட்டி கேட்பதில் ஏழில் ஒரு பங்குதான் கேட்கிறது; அவ்வளவு பெரிய மூலக்கூறு அது.

இந்த மாற்றம் எவ்வளவு கூர்மையானது என்பதுதான் கவனிக்க வேண்டியது. தூய டிபிபிசியைப் பல அடுக்கு லிப்போசோம்களாக்கி, அதாவது நீரில் மிதக்கும் நுண்ணிய சவ்வுப் பைகளாக்கி, வெப்பத்தை அளக்கும் கலோரிமீட்டரில் மிக மெதுவாகச் சூடாக்கினால், வரைபடத்தில் எழும் முகட்டின் அகலம் அரை டிகிரிக்கும் உள்ளே அடங்கிவிடும். ஒரு மூலக்கூறு நெகிழும்போது பக்கத்திலுள்ளவையும் சேர்ந்து நெகிழ்வதால் வரும் கூர்மை அது. கூட்டத்துக்குள் வேறொரு பொருள் சிறிதளவு புகுந்தாலும் அந்த ஒற்றுமை குலைந்து, முகடு தாழ்ந்து, அகன்று, இடம் மாறிவிடுகிறது. 35 டிகிரியில் தெரியும் முன்மாற்றம் அதைவிடவும் மென்மையானது. மாசு வந்தால் முதலில் மறைவது அதுதான்.

என் முதல் வரைபடத்தில் அது இல்லை. முதன்மை முகடு 38 டிகிரிக்கு அருகில், மழுங்கிய மேடுபோல, மூன்று நான்கு டிகிரிக்குப் பரவிக் கிடந்தது. கருவியின் வெப்பநிலை அளவு தவறியிருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்பினேன். இரண்டு நாட்களைக் கருவியைச் சரிபார்ப்பதிலேயே செலவழித்தேன். பொடியைக் குறை சொல்லவும் எனக்குத் தயக்கம் இருக்கவில்லை. மூத்த ஆய்வாளர் ஒருவர் வரைபடத்தைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "குளோரோஃபார்மை எவ்வளவு நேரம் வெற்றிடத்தில் இழுத்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார். இருபது நிமிடம் என்றேன். அவர் வேறொன்றும் சொல்லவில்லை. பொடியைக் கரைத்த குளோரோஃபார்மை நீக்கியபின் குடுவையில் படிந்த மெல்லேடு, அதாவது மெல்லிய லிப்பிட் படலம், கண்ணுக்கு உலர்ந்ததாகத் தெரிந்தாலும், அதன் வால்களுக்கிடையே குளோரோஃபார்ம் ஒளிந்திருந்தது. மயக்க மருந்துகள் சவ்வின் உருகுநிலையைத் தாழ்த்துவதுபோலவே அதுவும் தாழ்த்திவிட்டது. அடுத்த முறை இரவு முழுவதும் வெற்றிடப் பம்பில் விட்டேன். மறுநாள் காலையில் 41.3 டிகிரியில் ஓர் ஊசிபோல முகடு எழுந்து நின்றது. அதற்கு முன்னால் 35 டிகிரியில் அந்தச் சிறு மேடும் இருந்தது. அன்று முதல் எந்தப் புதிய கலவையில் இறங்கினாலும் அதே நாளில், அதே கரைப்பானில், அதே பம்பில் தூய டிபிபிசி மாதிரி ஒன்றையும் சேர்த்தே செய்கிறேன். அதன் முகடு 41இல் நின்றால்தான் மற்ற வரைபடங்களை நம்பிப் படிக்கிறேன்.

லிப்போசோம் செய்யும் முறை எழுத்தில் எளிதாகத்தான் தெரிகிறது. பொடியைக் குளோரோஃபார்மில் கரைத்து, உருண்டை அடிக் குடுவையில் ஊற்றி, சுழல் ஆவியாக்கியில் சுழற்றிக் கரைப்பானை நீக்கி, சுவரில் படிந்த மெல்லேட்டை வெற்றிடத்தில் உலர்த்தி, பிறகு அமிலத்தன்மை மாறாமல் காக்கும் பஃபர் கரைசலை ஊற்றிக் குலுக்கினால் போதும். ஆனால் ஒவ்வொரு படியிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. குளோரோஃபார்ம் பிளாஸ்டிக்கிலிருந்து பல பொருள்களைக் கரைத்து இழுத்துவிடும் என்பதால், பிளாஸ்டிக் பிப்பெட் முனைகளும் பிளாஸ்டிக் குழாய்களும் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. கண்ணாடி ஊசிக்குழலும், டெஃப்லான் உட்பூச்சுள்ள மூடி கொண்ட கண்ணாடிக் குப்பியும்தான் வேண்டும். உறைபெட்டியிலிருந்து எடுத்த குப்பியை அறை வெப்பத்துக்கு வரும்வரை மூடியைத் திறக்காமல் வைக்க வேண்டும். பொடி ஈரத்தை ஆவலோடு உறிஞ்சிக்கொள்ளும் தன்மையுடையது, குளிர்ந்த குப்பியைத் திறந்தால் காற்றிலுள்ள நீராவி உள்ளே படிந்துவிடும்.

நீரேற்றும் படியில்தான் அந்த 41 மீண்டும் வருகிறது. அறை வெப்பத்தில் பஃபரை ஊற்றினால் மெல்லேடு விறைத்தபடியே சுவரை விட்டு வராது. வந்தாலும் கட்டி கட்டியாக, பாதி நனைந்தும் பாதி நனையாமலும் இருக்கும். பஃபரையும் குடுவையையும் 50 டிகிரிக்குச் சூடாக்கி, ஒரு மணி நேரமாவது விட்டு விட்டுக் குலுக்கினால், பால்போன்ற ஒரே சீரான வெண்மை தோன்றும். அந்தப் பால்தான் பல அடுக்கு லிப்போசோம்கள். வெங்காயத்தைப்போல் அடுக்குக்குள் அடுக்கு. அவற்றை ஓரடுக்குச் சவ்வுகொண்ட சிறு பைகளாக்க, 100 நானோமீட்டர் துளைகளுள்ள பாலிகார்பனேட் வடிதாளின் வழியாக இருபுறமும் மாறி மாறி அழுத்தித் தள்ள வேண்டும். இந்தக் கருவியை எக்ஸ்ட்ரூடர் என்கிறோம். அதுவும் சூடான பலகைமேல் இருக்க வேண்டும். ஜெல் நிலையிலுள்ள சவ்வைத் துளைக்குள் தள்ள முயன்றால் விரல் வலிக்கும், வடிதாள் கிழியும், பொருளும் வீணாகும். தள்ளும் எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படையாக, 11 அல்லது 21 முறை, இருக்கும்படி பார்த்துக்கொள்கிறோம். கடைசியில் கரைசல் எதிர்ப்பக்க ஊசிக்குழலில் வந்து சேர்ந்தால்தான், ஒருமுறையேனும் வடிதாளைக் கடக்காத துளி எதுவும் அதில் கலந்திருக்காது.

இப்படிச் செய்த ஒரு பையின் விட்டம் 100 நானோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், வெளி அடுக்கிலும் உள் அடுக்கிலுமாகச் சேர்ந்து சுமார் 90 ஆயிரம் டிபிபிசி மூலக்கூறுகள் அதில் இருக்கும். மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் எடுத்திருந்தால், அந்த ஒரு மில்லிலிட்டரில் ஏறத்தாழ 90 லட்சம் கோடிப் பைகள். இந்தக் கணக்கை ஒவ்வொரு புதியவரையும் தாளில் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன். அதன் பிறகு குடுவையில் இருப்பதை அவர்கள் பார்க்கும் விதம் மாறிவிடுகிறது.

அளவைப் பற்றி ஒரு சொல். தராசில் நிறுத்ததை அப்படியே நம்புவது இந்தத் துறையில் மிகப் பரவலான பிழை. பொடி ஒரு மூலக்கூறு நீரைப் பிடித்துவைத்திருந்தாலே மோலின் எடை 752 ஆகி, கணக்கில் இரண்டரைச் சதவீதம் போய்விடும். வடிதாளில் தங்கியதும் குடுவைச் சுவரில் ஒட்டியதும் தனி. ஒரு மூலக்கூறுக்கு ஒரே ஒரு பாஸ்பரஸ் என்பது இந்த வகை லிப்பிட்டுகளின் பெரிய வசதி. லிப்பிட்டை வலுவான அமிலத்தில் சிதைத்து, விடுபட்ட பாஸ்பேட்டை மாலிப்டேட்டோடு சேர்த்து நீல நிறமாக்கி அளக்கும் முறையைப் பார்ட்லெட் 1959இல் வெளியிட்டார். அந்த அமிலத்தைக் கையாளுவதில் ஆபத்து உண்டு என்பதால், 1980இல் ஸ்டூவர்ட் தந்த முறையைப் பலர் விரும்புகிறார்கள். அதில் அம்மோனியம் ஃபெரோதயோசயனேட்டோடு சேரும் லிப்பிட் குளோரோஃபார்முக்குள் சிவந்த நிறத்தை இழுத்துக்கொண்டு வருகிறது. எனக்கு இன்றும் பார்ட்லெட் முறையில்தான் நம்பிக்கை அதிகம். தலைப்பகுதி எதுவாக இருந்தாலும் பாஸ்பரஸ் பாஸ்பரஸ்தான்.

இந்த மூலக்கூறின் பின்னால் நீண்ட கதை ஒன்று இருக்கிறது. பிரான்ஸின் மருந்தாளர் தியோடோர் கோப்ளே முட்டையின் மஞ்சள் கருவிலிருந்து பாஸ்பரஸ் கொண்ட ஒரு கொழுப்பைப் பிரித்தெடுத்து, மஞ்சள் கருவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1850இல் அதற்கு லெசித்தின் என்று பெயரிட்டார். ஆனால் முட்டை லெசித்தின் ஒரே பொருளன்று. வால்களின் நீளமும் இரட்டைப் பிணைப்புகளின் எண்ணிக்கையும் வேறுபடும் பல மூலக்கூறுகளின் கூட்டம். அதைச் சூடாக்கினால் எந்தக் கூர்மையான முகடும் கிடைக்காது. இரு வால்களும் ஒன்றாகவே உள்ள, இன்னதென்று திட்டமாகச் சொல்லக்கூடிய லெசித்தின்களை 1950இல் எரிக் பேயரும் மோரிஸ் கேட்ஸும் வேதிமுறையில் ஆக்கிக் காட்டினார்கள். டிபிபிசி அவற்றுள் ஒன்று. என் பார்வையில் சவ்வு இயற்பியலின் உண்மையான தொடக்கம் அதுதான். ஒரு வாலில் 14 கார்பன் என்றால் உருகுநிலை 24 டிகிரி, 16 என்றால் 41, 18 என்றால் 55. இரு வால்களின் நடுவிலும் வளைந்த இரட்டைப் பிணைப்பு ஒன்று வந்தால் அதே 18 கார்பன் சவ்வு மைனஸ் 17 டிகிரிவரை நெகிழ்ந்தே இருக்கும். இந்த வரிசையைப் படித்த ஒருவர், குளிர் நீரில் வாழும் உயிர்களின் சவ்வுகளில் இரட்டைப் பிணைப்புகள் ஏன் மிகுந்திருக்கின்றன என்று தனியாகக் கேட்க வேண்டியதில்லை.

இனி நுரையீரல். ஆய்வகத்துக்கு வெளியே டிபிபிசியின் மிகப் பெரிய வேலை நம் ஒவ்வொருவரின் மார்புக்குள்ளும் நடக்கிறது. காற்று நுண்ணறைகளின் உட்சுவரில் மெல்லிய நீர்ப்படலம் இருக்கிறது. நீரின் பரப்பு இழுவிசை உடல் வெப்பத்தில் மீட்டருக்கு 70 மில்லிநியூட்டன் என்பதால், அந்த இழுவிசை ஒன்றே ஒவ்வொரு வெளிமூச்சின் முடிவிலும் நுண்ணறைகளைச் சுருக்கி மூடிவிடப் போதுமானது. அதைத் தடுக்கும் பொருள் நுரையீரலுக்குள் இருக்கிறது என்பதை 1955இல் ரிச்சர்ட் பேட்டில் நுரையீரல் நுரைக்குமிழிகள் உடையாமல் நிற்பதைக் கொண்டு உணர்ந்தார். 1957இல் ஜான் கிளெமென்ட்ஸ் பரப்பு இழுவிசையை நேரடியாக அளந்தார். குறைமாதத்தில் பிறந்து மூச்சுத்திணறலில் இறந்த குழந்தைகளின் நுரையீரலில் அந்தப் பொருள் குறைந்திருந்தது என்பதை 1959இல் மேரி எலன் ஏவரியும் ஜெரி மீடும் காட்டினார்கள். அந்தப் பொருளின் தலையாய கூறு டிபிபிசிதான். எடையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு.

ஏன் இதுவே? நம் உடல் வெப்பம் 37 டிகிரி. டிபிபிசியின் உருகுநிலை 41. அந்த நான்கு டிகிரி இடைவெளியை நம்பித்தான் நம் மூச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. மூச்சை வெளிவிடும்போது நீர்ப்பரப்பு சுருங்க, அதன்மேல் ஓரடுக்காகப் பரவியுள்ள டிபிபிசி மூலக்கூறுகள் நெருக்கப்பட்டு, ஏறத்தாழத் திடப்பொருளைப்போல் இறுகிவிடுகின்றன. படலம் உடையாமல், மடங்காமல், பரப்பு இழுவிசையைச் சுழியத்துக்கு மிக அருகில் கொண்டுபோய் வைக்கிறது. 37 டிகிரியில் நெகிழ்ந்து கிடக்கும் லிப்பிட் ஏதாவது அந்த இடத்தில் இருந்திருந்தால் அழுத்தம் தாங்காமல் சரிந்துவிடும். ஆனால் அதே விறைப்பு இன்னொரு தொல்லையையும் தருகிறது: தனி டிபிபிசி நீர்ப்பரப்பில் வந்து பரவுவதில் மிக மந்தமானது. 1960களில் டிபிபிசியை மட்டும் நுண்துளிகளாகக் குழந்தைகளின் மூச்சில் செலுத்திப் பார்த்த முயற்சிகள் எதிர்பார்த்த பயனைத் தராமல் போயின. 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் குறைமாதத்தில் பிறந்து இரண்டு நாளுக்குள் இதே நோயால் இறந்தபோது மருத்துவர்களின் கையில் இதற்கான மருந்து எதுவும் இருக்கவில்லை. நுரையீரலில் டிபிபிசியோடு நெகிழ்ந்த வால்கள் கொண்ட லிப்பிட்டுகளும், நீரை வெறுக்கும் இரண்டு சிறு புரதங்களும் சேர்ந்து அதைப் பரப்புக்குக் கொண்டுவந்து சேர்க்கின்றன என்பது பின்னர்தான் தெளிவாயிற்று. 1980இல் டெட்சுரோ ஃபுஜிவாரா மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சாற்றைச் செறிவூட்டி 10 குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுத்து, அவர்களின் மூச்சு தேறுவதைக் காட்டினார். அதில் சேர்க்கப்பட்ட பொருள்களுள் டிபிபிசியும் ஒன்று. விலங்குப் புரதம் எதுவும் இல்லாமல், டிபிபிசியோடு ஹெக்சாடெகனாலும் டைலோக்சபோலும் சேர்த்த செயற்கைக் கலவை ஒன்றுக்கு 1990இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. நீர்ப்பரப்பின் மேலுள்ள ஓரடுக்குப் படலத்தை நெருக்கி அளக்கும் லாங்மியர் தொட்டியில் டிபிபிசிப் படலத்தை நான் மெல்ல அழுத்தி, அழுத்தக் கோடு செங்குத்தாக ஏறுவதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பத்துக் குழந்தைகளின் நினைவு வருகிறது. வெறும் வரைகோடாக அதைப் பார்க்க என்னால் முடிவதில்லை.

41 டிகிரியை மருந்து ஆய்வாளர்கள் வேறொரு விதத்தில் பயன்படுத்திக்கொண்டார்கள். ஜெல் நிலையிலும் பாய்ம நிலையிலும் சவ்வு ஓரளவு இறுக்கமாகவே இருக்கிறது. இரண்டும் அருகருகே நிற்கும் நிலைமாற்றப் புள்ளியில்தான், அவற்றின் எல்லைக் கோடுகளின் வழியாக, உள்ளிருப்பது அதிகம் கசிகிறது. உடலின் ஒரு பகுதியை மட்டும் இரண்டு மூன்று டிகிரி சூடாக்கி, அங்கே மட்டும் மருந்தை வெளிவிடும் லிப்போசோமை உருவாக்கலாம் என்ற எண்ணத்தை யாட்வினும் உடனாய்வாளர்களும் 1978இல் டிபிபிசியை அடிப்படையாகக் கொண்டே முன்வைத்தார்கள். ஆய்வகத்தில் இதைக் கண்ணால் பார்ப்பது எளிது: கார்பாக்சிஃப்ளூரசீன் சாயத்தை மிகச் செறிவாக உள்ளே அடைத்தால் அது தன்னைத்தானே மங்கச் செய்துகொண்டு ஒளிராமல் இருக்கும், வெப்பம் 41ஐ நெருங்கும்போது சாயம் வெளியே கசிந்து நீர்த்து, பச்சை ஒளி சட்டென்று எழும்.

இதற்கு நேரெதிரான வேலையைச் செய்வது கொலஸ்ட்ரால். டிபிபிசியோடு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் முகடு தாழ்ந்து அகன்றுகொண்டே வந்து, இரண்டும் சரிபாதியாகும்போது அடையாளமே இல்லாமல் போய்விடுகிறது. வால்கள் ஒழுங்காக நிமிர்ந்திருக்கின்றன, ஆனாலும் மூலக்கூறுகள் பக்கவாட்டில் தாராளமாக நகர்கின்றன. திடத்தின் ஒழுங்கும் திரவத்தின் நடமாட்டமும் ஒன்றாக அமைந்த அந்த நிலையைப் புரிந்துகொள்ளவும் டிபிபிசியே முதல் மேடையாக இருந்தது.

எல்லாம் தெரிந்த பொருள் என்று நான் சொன்னதை ஓரிடத்தில் திருத்திக்கொள்ள வேண்டும். பாய்ம நிலையில் ஒரு டிபிபிசி மூலக்கூறு சவ்வில் எவ்வளவு பரப்பை எடுத்துக்கொள்கிறது என்ற எளிய கேள்விக்கு, பல பத்தாண்டுகளாக 56 முதல் 72 சதுர ஆங்ஸ்ட்ராம்வரை வெவ்வேறு விடைகள் வெளியாகி வந்தன. நெகிழ்ந்து அலைபாயும் ஒரு படலத்தின் பரப்பை எக்ஸ்கதிரால் அளப்பதில் உள்ள இடர்ப்பாடே அதற்குக் காரணம். ஜான் நேகிலும் அவருடைய குழுவினரும் அந்த அலைவுகளையும் கணக்கில் கொண்டு செய்த கவனமான பகுப்பாய்வுக்குப் பிறகுதான் 50 டிகிரியில் சுமார் 63, 64 என்ற மதிப்பு நிலைபெற்றது. ஜெல் நிலையில் அது 48. இந்த எண்ணின் முக்கியத்துவத்தைக் கணினியில் சவ்வுகளை உருவகப்படுத்துகிறவர்கள் நன்றாக அறிவார்கள். அணுக்களுக்கிடையிலான விசைகளுக்கு அவர்கள் தரும் மதிப்புகள் சரியா என்று பார்க்க, டிபிபிசியின் பரப்பைத்தான் முதலில் கணக்கிட்டு ஒப்பிடுகிறார்கள். உரைகல்லின் மாற்றே தவறாக எழுதப்பட்டிருந்தால் எத்தனை கணக்குகள் பிசகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், ஓர் எண்ணுக்காக ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்கள்மீது பெரும் மதிப்பு உண்டாகிறது.

டிபிபிசிச் சவ்வைச் செல்சவ்வு என்று எண்ணிவிடக் கூடாது என்பதையும் புதியவர்களிடம் வற்புறுத்திச் சொல்கிறேன். நம் செல்களின் வெளிச்சவ்வில் நூற்றுக்கணக்கான வகை லிப்பிட்டுகள் இருக்கின்றன. அவற்றின் வால்களில் பெரும்பாலும் ஒன்றாவது இரட்டைப் பிணைப்போடு நெகிழ்ந்திருக்கும். 37 டிகிரியில் விறைத்து நிற்கும் டிபிபிசியில் ஒரு சவ்வுப் புரதத்தைப் பொருத்தி, அது வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டிய குறிப்பு ஒன்றை நான் மாணவராக இருந்தபோது எழுதியிருக்கிறேன். புரதத்தில் எந்தக் குறையும் இல்லை. ஒரு வால் இரட்டைப் பிணைப்பில்லாததும் மறுவால் இரட்டைப் பிணைப்புள்ளதுமான பிஓபிசியில், அதாவது மைனஸ் 2 டிகிரியிலேயே நெகிழ்ந்துவிடும் சவ்வில் வைத்தபோது அதே புரதம் நன்றாக இயங்கியது. எந்தக் கேள்விக்கு எந்த லிப்பிட் என்று தேர்வதும் ஆய்வின் ஒரு பகுதிதான்.

பாதுகாத்து வைப்பதில் டிபிபிசி மற்றவற்றைவிட நமக்கு அதிகம் ஒத்துழைக்கிறது. இரட்டைப் பிணைப்பு இல்லாததால் காற்றிலுள்ள ஆக்சிஜன் அதை எளிதில் கெடுப்பதில்லை. நீரில் லிப்போசோமாக வைத்திருந்தால் மட்டும், நாள்போக்கில் வாலைக் கிளிசராலோடு இணைக்கும் எஸ்டர் பிணைப்பு அறுந்து, ஒரு வால் கழன்று, லைசோ வடிவம் உண்டாகிறது. சவ்வைத் துளைக்கக்கூடிய சோப்புபோன்ற பொருள் அது. சந்தேகம் வந்தால் சிலிக்கா தகட்டில் ஒரு துளி வைத்து, குளோரோஃபார்ம், மெத்தனால், நீர் மூன்றையும் 65க்கு 25க்கு 4 என்ற விகிதத்தில் கலந்து ஏறவிட்டு, மாலிப்டினம் நீலம் தெளித்துப் பார்க்கலாம். ஒரே நீலப்புள்ளி தெரிந்தால் நல்லது. அதற்குக் கீழே மெலிதாக இன்னொன்று தெரிந்தால் அந்தக் குப்பியைத் தள்ளிவைத்துவிட வேண்டும்.

இவ்வளவு காலம் கழித்தும் நான் பார்த்திராத ஒன்று இருந்தது. 1980இல் சென், ஸ்டர்டெவன்ட், காஃப்னி மூவரும் டிபிபிசி மாதிரியை 0 டிகிரியில் சில நாட்கள் அப்படியே வைத்திருந்து பிறகு சூடாக்கியபோது, 35க்கும் 41க்கும் வெகு முன்னால், 18 டிகிரியை ஒட்டி மூன்றாவதாக ஒரு மாற்றம் தெரிந்தது. குளிரில் காத்திருக்கும்போது வால்கள் இன்னும் நெருங்கி, தலைப்பகுதிகள் சில நீர் மூலக்கூறுகளைக் கைவிட்டு, துணை ஜெல் என்னும் இன்னும் ஒழுங்கான நிலைக்கு மிக மெதுவாகப் போய்ச் சேர்கின்றன. அன்றன்றே செய்து அன்றன்றே அளப்பவர்களின் கண்ணுக்கு இது ஒருபோதும் தெரியாது. என் கண்ணுக்கும் தெரிந்ததில்லை. சென்ற மாதம் ஒரு மாதிரியைப் பனிநீர்த் தொட்டியில் இறக்கி, ஐந்து நாட்கள் யாரும் தொடக்கூடாது என்று சீட்டு ஒட்டிவைத்தேன். ஆறாம் நாள் கலோரிமீட்டரின் திரையில் கோடு 10, 12, 15 என்று தட்டையாகவே நகர்ந்து, 18ஐ நெருங்கும்போது மெல்ல மேலெழுந்து, அகன்ற ஒரு மேடாகி, மறுபடி தாழ்ந்தது. பிறகு 35இல் சிறு மேடு. பிறகு 41.3இல் ஊசி.